அடியில் நாலு விரல்

மலையடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் யானை, வெள்ளித் தட்டு, வரிசையில் நிற்கும் கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். நாலு ஓட்டுக் கூரை, ஒரு கிணறு, ஒரு கிழட்டு லாரி. அவ்வளவுதான் ஆஸ்தி.

லாரிக்குப் பெயர் பெரியவர். முதுகில் தண்ணீர்த் தொட்டியைக் கட்டிக்கொண்டு, கோடை முழுக்க மேலே இருக்கும் ஏழு ஊர்களுக்குத் தினமும் ஏறுவார். அவர் ஏறாத நாளில் ஏழு ஊரிலும் உலை ஏறாது.

பெரியவரை ஓட்டுவது மடத்துத் தலைவி தவசுக்கனி அம்மா. வயது முப்பத்தாறு. காவிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தால் வளைவில் ஆடு மாடு தானாக ஒதுங்கும்.

அம்மாவின் சீடர் சொரிமுத்து. வயது ஐம்பத்து நாலு. முன்னாள் பஸ் கண்டக்டர். குருவை விடப் பதினெட்டு வயது மூத்த சீடர் என்பதால் அவர் "அம்மா" என்பார், அம்மா "அண்ணாச்சி" என்பார். இருவருக்கும் அதில் சங்கடம் இருந்ததில்லை.

சொரிமுத்துவிடம் ஒரு வித்தை உண்டு. ஒருவர் பேசியதை ஒரு தடவை கேட்டால் போதும், ஆளையே தொண்டையில் இறக்கிவிடுவார். இன்ஸ்பெக்டர் அதட்டுவது, பூசாரி மூக்கால் பாடுவது, பெரியவர் மேட்டில் இரண்டாவது கியருக்கு முனகுவது, எல்லாம் அச்சு அசல். பஸ்ஸில் டிக்கெட் கேட்டதுகூட தினம் ஒரு குரலில்தான்.

அவருடைய சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

மடத்துக்கு வந்த முதல் நாளே அவர் கேட்டார், அதுவும் மேடைப் பேச்சாளர் குரலில்:

"அம்மா அவர்களே! யார் எதைச் சொன்னாலும் அது நேராக எனக்குள் இறங்கிவிடுகிறது. என் வாய் வழியாக வெளியே வருகிறது. நடுவில் நான் என்று ஒருவன் இருக்கிறேனா என்பதே சந்தேகம். கண்டதெல்லாம் உள்ளே போகாமல் இருக்க என்ன வழி?"

அம்மா அவர் கையில் ஒரு ரப்பர் குழாயையும் ஒரு ஸ்பானரையும் கொடுத்தாள்.

"பெரியவருக்கு டீசல் ஊத்துறது இனி உங்க வேலை."

"நான் கேட்ட கேள்வி..."

"ஆமா. அதுக்குத்தான்."

பெட்ரோல் பங்க் அங்கிருந்து முப்பது கிலோமீட்டர். ஆகவே மடத்துக்கு டீசல் டிரம்மில்தான் வரும். டிரம் என்றால் மழை பட்டது, வெயில் பட்டது, உள்ளே துரு பிடித்தது. அதை அப்படியே ஊற்றினால் பெரியவர் தாங்கமாட்டார். அவர் எஞ்சினில் ஒரு பம்ப் இருக்கிறது. தலைமுடி நுழையாத இடுக்கில் ஓடுகிற பம்ப். ஒரு சிட்டிகை மண் போதும், ஒரு மடக்குத் தண்ணீர் போதும், அது இறுகிப் போகும். அதைச் செய்த கம்பெனியை மூடியே இருபது வருஷம் ஆகிவிட்டது.

அம்மா சொல்லிக் கொடுத்தாள். டிரம்மின் ஒரு பக்கம் செங்கல்லை அண்டக் கொடுத்துச் சாய்த்து வை. ஒரு பகல் ஒரு இரவு தொடாதே. தண்ணீரும் மண்ணும் தாழ்ந்த மூலைக்குப் போய்ச் சேரட்டும். அப்புறம் மேட்டுப் பக்கமாகக் குழாயை விடு. குழாயின் வாய் அடியைத் தொடக் கூடாது, நாலு விரல் மேலே நிற்கவேண்டும். வந்ததை வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டு. காலையில் வண்டி எடுக்கும் முன் பில்டருக்கு அடியில் இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தின் திருகைத் திற. தண்ணீர் போய் சுத்த டீசல் சொட்டும் வரை விடு. பிறகு மூடு.

சொரிமுத்து மூன்று நாள் செய்தார். நாலாம் நாள் பொறுக்கவில்லை.

"அம்மா, அந்த நாலு விரல் டீசல் வீணாத்தானே போகுது?"

"போகலை. தொழுவத்துத் தூணுக்குப் பூசுதோமே. கரையான் வராது."

"ஆனா எஞ்சினுக்குப் போகலையே."

"போகக் கூடாதுல்லா."

"ஒரு விரல் விட்டாப் போதாதா?"

"ஒரு விரல்ல விட்டுப் பாருங்க. மேட்டுல நின்னா நீங்கதான் தள்ளணும்."

சொரிமுத்து பெரியவரின் பின்பக்கத்தைப் பார்த்தார். குழாயை நாலு விரலுக்கே தூக்கினார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கமும் உண்டு. யார் எதைத் தானம் கொடுத்தாலும் முதல் பங்கு கொடுத்தவருக்கே. அரிசி கொடுத்தால் அதைப் பொங்கி முதல் கவளம் அவருக்கு. எண்ணெய் கொடுத்தால் முதல் கை அவர் உச்சந்தலையில். எப்போதோ ஒரு மகராசன் புழு அரிசியை மூட்டை மூட்டையாக இறக்கியபோது தொடங்கிய வழக்கம் என்பார்கள். அதற்கப்புறம் மடத்துக்குப் புழு அரிசி வந்ததே இல்லை.

பங்குனி முடிகிற சமயம். சந்தைக்குப் போன சொரிமுத்து முகம் செத்துத் திரும்பினார்.

"என்ன அண்ணாச்சி?"

"மாசிலாமணி முதலாளியைப் பார்த்தேன்."

மாசிலாமணிக்கு மலையின் பாதி சொந்தம். மீதியைக் குவாரியாக வெட்டிக்கொண்டிருந்தார். மேலே ஏழு ஊருக்கும் போகிற ஒரே பாதை அவர் குவாரிக்குள் நுழைந்து வெளியேறுகிறது. பாதை ஊர்க்காரர்களுடையதுதான். ஆனால் இரண்டு பக்கமும் அவருடைய ஆட்கள் நிற்கிறார்கள்.

"மூணு டிரம் டீசல் தாரேன்னாரு. மழைக்கு முன்னாடி வாங்கிப் போட்டது, குவாரியில மூடியில்லாமக் கிடக்கு. அவர் மெஷினுக்கே அதை ஊத்துறதில்ல. நாளைக்குக் கொண்டுவந்து, அவர் கண் முன்னாடி ஊத்தி, வண்டி கிளம்புறதைப் போட்டோ பிடிக்கணுமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சொரிமுத்து தலை குனிந்தார். தொண்டையைச் செருமினார். வாயிலிருந்து மாசிலாமணியே வந்தார், கரகரவென்று, வெற்றிலை அதக்கியபடி:

"பேஷாச் செஞ்சிரலாம்!"

அம்மா சிரிக்கவில்லை.

"இது யார் சொன்னது?"

"நான்தான். அவர் குரல்ல சொல்லிட்டேன். அவர் அப்படிப் பார்த்தா எனக்கு அவர் குரல்தாம்மா வருது."

"சரி. வரட்டும்."

"ஊத்தினா பெரியவர் போயிருவாரு. ஊத்தலைன்னா பாதை போயிரும். என்னம்மா செய்ய?"

"டீசல் ஊத்துறது யார் வேலை?"

சொரிமுத்து ரப்பர் குழாயை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வெள்ளை ஜீப் வந்தது. பின்னால் டிராக்டரில் மூன்று டிரம். முதலாளியோடு பத்து ஆட்கள், ஒரு போட்டோக்காரர். ஜீப்பை ஓட்டி வந்தவன் இசக்கி. மேலே மூன்றாவது ஊர்க்காரன். அவன் வீட்டுக்கும் பெரியவர்தான் தண்ணீர் கொண்டுபோகிறார்.

"சாமியாரம்மா! எங்க டேங்க் வாய்? தொறங்க!" என்றார் மாசிலாமணி.

அம்மா பம்பர் மேல் நின்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் அண்ணாச்சி பார்ப்பாரு. அவரைக் கேளுங்க."

சொரிமுத்து ஒரு டிரம்மிலிருந்து கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்தார். வெயிலில் வைத்தார். கலங்கிக் கிடந்தது மெல்லத் தெளிந்தது. அடியில் செம்மண், அதன்மேல் தண்ணீர், அதற்கும் மேல் அரைப் பாட்டில் டீசல்.

"இனாமாக் குடுக்கிறதுக்குப் பரிசோதனை வேறயா?" என்றார் மாசிலாமணி.

சொரிமுத்து நெஞ்சை நிமிர்த்தினார். பிறகு இன்ஸ்பெக்டராக மாறினார்:

"ஏய்! ஒரு நாள் கழிச்சுத்தான் ஊத்தணும்! அதுவரைக்கும் யாரும் டிரம்மைத் தொடக் கூடாது! தொட்டா உள்ள வச்சிருவேன்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாசிலாமணி தொடையைத் தட்டினார். "அசல் இன்ஸ்பெக்டரேதான்யா! இன்னொண்ணு விடும்!"

சொரிமுத்து பூசாரியானார். மூக்கால் இழுத்தார்: "இன்னைக்கு நாளு சரியில்லை முதலாளீ... நாளைக்கு ஊத்தினா விசேஷம்..."

போட்டோக்காரருக்குக் கேமரா ஆடும் அளவுக்குச் சிரிப்பு. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போதும்யா, வயிறு வலிக்கி. எலேய், டிரம்மைத் தூக்கி ஊத்துங்கல."

இரண்டு பேர் டிரம்மை உருட்டி வந்தார்கள். ஒருவன் பெரியவரின் டேங்க் மூடியைத் திருகி எடுத்தான். இன்னொருவன் குழாயை நீட்டினான்.

சொரிமுத்து பார்த்தார். அந்தத் திறந்த வாயைப் பார்த்தார். மேலே ஏழு ஊரிலும் இந்நேரம் குடங்கள் வரிசையில் நிற்கும்.

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே குறுக்கே பாய்ந்தார். உள்ளங்கையை விரித்து டேங்க் வாயைப் பொத்தினார்.

"ஊத்த விடமாட்டேன்."

மெல்லிய குரல். கீச்சென்று, நடுவில் உடைகிற குரல். யார் பேசியது என்று பத்து பேரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது யாரு?" என்றார் மாசிலாமணி. "இந்தக் குரலை நான் கேட்டதில்லையே. யாரை மாதிரிய்யா பேசுதீரு?"

"யாரை மாதிரியும் இல்ல, முதலாளி."

"கையை எடும்."

"எடுக்கமாட்டேன். ஒரு நாள் சாய்ச்சு வச்சா நல்ல டீசலைப் பிரிச்சு ஊத்துவேன். இப்பவே ஊத்தணும்னா என் கைமேலதான் ஊத்தணும்."

"போட்டோக்காரனை நாளைக்கும் கூட்டிட்டு வரணுமோ? நான் குடுத்தது. ஊத்தித்தான் ஆகணும்."

"அப்ப சரி. மடத்து வழக்கப்படியே ஊத்திருவோம்."

சொரிமுத்து ஒரு கையை டேங்க் வாயிலேயே வைத்துக்கொண்டு மறு கையால் டிராக்டர்க்காரனிடம் சைகை காட்டினார். "ஒரு கேன் பிடி தம்பி. அடியில இருந்தே பிடி. முதல் பங்கு கொடுத்தவருக்கு. முதலாளி ஜீப்பும் டீசல் வண்டிதானே?"

கூட்டத்தின் சிரிப்பு நின்றுவிட்டது.

வழக்கம் எல்லாருக்கும் தெரியும். போட்டோக்காரரும் கேமராவை ஜீப் பக்கம் திருப்பிவிட்டார். அவருக்கு யார் வண்டியில் ஊற்றினாலும் படம்தான்.

"ஊத்துல, ஊத்து. எனக்கென்ன பயமா?" என்றார் மாசிலாமணி. குரலில் வெற்றிலைச் சாறு வற்றியிருந்தது.

கேன் ஜீப் அருகே போனது. இசக்கி அதற்கு முன்னால் ஓடினான். ஜீப்பின் டேங்க் மூடி மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டான்.

"வேண்டாம் முதலாளி! எஞ்சின் போயிரும்!"

சொல்லிவிட்டான். சொன்னது காற்றில் அப்படியே நின்றது. இங்கே லாரியில் ஒரு கை, அங்கே ஜீப்பில் இரண்டு கை. நடுவில் மாசிலாமணி.

அவர் யாரையும் பார்க்கவில்லை. ஜீப்பில் ஏறிக் கதவை அறைந்தார்.

"டிரம்மை ஏத்துங்கல. இனிமே என் குவாரிக்குள்ள இந்த வண்டிச் சக்கரம் உருளட்டும், பாக்கிறேன்."

புழுதி அடங்கும் வரை சொரிமுத்து கையை எடுக்கவில்லை. அன்று பெரியவர் முந்தின நாள் வடித்து வைத்த டீசலில் கிளம்பி ஏழு ஊருக்கும் போய் வந்தார். திரும்பி வரும்போதே குவாரி வாசலில் இரண்டு இரும்புத் தூண் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை. தூணுக்குத் தூண் தடித்த சங்கிலி. சங்கிலிக்குப் பக்கத்தில் கம்போடு நின்றவன் இசக்கி.

அம்மா பிரேக் போட்டாள். தொட்டியில் தண்ணீர் ஒரு தடவை முன்னால் வந்து மோதிப் பின்னால் போனது.

"என்ன இசக்கி, ஜீப் எங்க?" என்றார் சொரிமுத்து.

"பிடுங்கிட்டாரு. 'எஞ்சின் போயிரும்னு சொன்னேல்லா, இனிமே சங்கிலியைப் பிடிச்சுட்டு நில்லு'ன்னுட்டாரு. உங்க வண்டியை விட்டா இந்த வேலையும் கிடையாதாம்."

"உங்க ஊருக்கும்தானே தண்ணி போகுது?"

"எங்க வீட்டுக்காரி வெடியக்காலமே ரெண்டு குடத்தோட நிக்கா." இசக்கி சுற்றும்முற்றும் பார்த்தான். லாரிக் கதவருகே வந்து குரலைத் தாழ்த்தினான். "அண்ணாச்சி, ஒரு வழி இருக்கு. நான் அந்தப் பாறைக்கு அந்தப் பக்கம் போய் நிக்கேன். நீங்க முதலாளி மாதிரி ஒரு சத்தம் குடுங்க. 'ஏலே இசக்கி, வழியை விடுல'ன்னு. நான் ஓடி வந்து கழட்டிருதேன். நாளைக்கு அவர் கேட்டா, உங்க குரல்தான் முதலாளி கேட்டுச்சுன்னு கோயில்ல சூடம் அணைச்சே சத்தியம் பண்ணுவேன். பொய்யும் இல்ல பாருங்க!"

சொரிமுத்துவுக்குக் கண் மின்னியது. என்ன அருமையான யோசனை! தொண்டைக்குள் மாசிலாமணி ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்து வெற்றிலை மெல்லத் தொடங்கிவிட்டார். செருமல் வந்தது. கரகரப்பு வந்தது. வாயைத் திறந்தால் போதும், ஏழு ஊருக்கும் தண்ணீர்.

பழக்க தோஷத்தில் அம்மா பக்கம் திரும்பினார்.

"விடட்டுமாம்மா?"

அம்மா ஸ்டியரிங் மேல் கையை வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பத் தொண்டையில ஏறி நிக்கிறது எந்த டிரம், அண்ணாச்சி?"

சொரிமுத்துவின் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு மூடியது. தொண்டையில் எழுந்து உட்கார்ந்தவர் மெல்லக் கீழே இறங்கிப் போகும் வரை அவர் காத்திருந்தார். கொஞ்ச நேரம் பிடித்தது.

கதவைத் திறந்து இறங்கினார். சங்கிலியின் கொக்கியைக் கழற்றினார். சங்கிலி புழுதியில் சரிந்தது.

"ஐயோ அண்ணாச்சி! என்னைக் கேப்பாரே!"

"கழட்டினது சொரிமுத்துன்னு சொல்லு." அதே கீச்சுக் குரல்தான். இன்றைக்கு நடுவில் உடையவில்லை. "நீ தடுத்தே, நான் கேக்கலைன்னு சொல்லு. தினமும் வருவேன், தினமும் கழட்டுவேன். இது ஊர்ப் பாதை. வேணும்னா நாளைக்கு அவரையே வந்து நிக்கச் சொல்லு. அவர் முன்னாடியும் கழட்டுவேன்."

"எந்தக் குரல்ல சொன்னீங்கன்னு கேட்டா?"

"இதே குரல்லதான்."

இசக்கி தொண்டையைச் சரிசெய்தான். "கழட்டினது சொரிமுத்து," என்று கீச்சிட்டுப் பார்த்தான். சரியாக வரவில்லை. மறுபடியும் முயன்றான். இன்னும் மோசம்.

"இந்தக் குரல் ரொம்பக் கஷ்டமா இருக்கே அண்ணாச்சி!"

"எனக்கே ஐம்பத்து நாலு வருஷம் ஆச்சுல."

இசக்கி கம்பைக் கீழே போட்டான். சங்கிலி சக்கரத்தில் சிக்காமல் இழுத்து ஓரத்தில் போட்டான். அப்புறம், "எங்க வீட்டுக்கு ஒரு குடம் கூட விடுங்க!" என்று கத்தினான்.

லாரி குவாரிக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் முதலாளியின் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சொரிமுத்து முழங்கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி உட்கார்ந்திருந்தார். மேடு தொடங்கியது. பெரியவர் முனகினார், ஆனால் திணறவில்லை.

"அம்மா."

"சொல்லுங்க."

"மடத்துக்கு வந்த அன்னைக்கு ஒண்ணு கேட்டேன். கண்டதும் உள்ள போகாம இருக்க என்ன வழின்னு. நீங்க பதிலே சொல்லலை. இனிமே போகாதுல்லாம்மா?"

அம்மா கியரை மாற்றினாள்.

"காலையில கண்ணாடிக் கிண்ணத்தைத் திறந்தீங்களா?"

"திறந்தேன்."

"என்ன வந்துச்சு?"

"ரெண்டு சொட்டுத் தண்ணி."

"அத்தனை வடிகட்டியுமா?"

"ஆமாம்மா. எப்படித்தான் வருதோ."

"நாளைக்கும் திறங்க."